நுரைக்காத அதிமதுரம்

— பயிர் ஆராய்ச்சி டாக்டரம்மா காரு போன தூசியையே எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு நிப்பீங்க, அண்ணி? நிழலுக்கு வாங்க. தராசு என்ன சொல்லுச்சோ அதான் முடிவு.

— அந்த டாக்டர்ப் பொண்ணு அழுதுக்கிட்டே காருல ஏறிச்சு, ஷிஹாத்தா. நீ கவனிச்சியா?

— வெயில்ல கண்ணு கலங்கியிருக்கும். விடுங்க அண்ணி. நம்ம ஃபயூம் மண்ணைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்? ஏரிக்காத்துல உப்பு, வடிகால் தண்ணியில உப்பு, பாத்தி வரப்பெல்லாம் வெள்ளையாப் பூத்துக் கிடக்கு. அதுல ஒரு வேரை ஊறவச்சுத் தெளிச்சா பீன்ஸ் காய்ச்சிடுமா?

— போன வருஷம் தொட்டியில வளத்துக் காட்டினப்போ காய்ச்சுதே. நம்ம வடிகால் தண்ணியைத்தான் மோந்துட்டுப் போய் ஊத்தினாங்க. சும்மா விட்ட செடி ஓரமெல்லாம் கருகிப்போச்சு. அதிமதுரத் தண்ணி தெளிச்ச செடி பச்சைப்பசேல்னு நின்னுச்சு. உப்பு ஏறினா செடிக்கு உள்ளேயே துரு பிடிச்ச மாதிரி அரிக்குமாம். அந்த வேர்ல இருக்கிற சத்து அதை அரிக்க விடாதாம். உன் அண்ணன் அந்த இலையைத் தடவிப் பாத்துட்டு, "நஜாத், நமக்கும் ஒரு வழி இருக்கு"ன்னாரு.

— தொட்டி வேற, வயல் வேற. சீட்டுக் குலுக்கித்தானே போட்டாங்க. என் பாத்திக்கு அதிமதுரம், உங்க பாத்திக்கு வெறும் தண்ணி. வாரம் தவறாம தெளிச்சேன். இன்னைக்கு நிறுத்துப் பாத்தா உங்களது எவ்வளவு சோனியோ என்னதும் அவ்வளவு சோனி.

— அதான் எனக்கு இடிக்குது. கொஞ்சமாச்சும் கூடக் குறைய இருக்க வேணாமா?

— இருந்தா சந்தோஷம்தான். இல்லையே. சாயங்காலம் ஹாஜி மித்வல்லி வராரு. நம்ம நிலத்தை மீன் பண்ணைக்கு வாடகைக்கு எடுக்கற காகிதத்தை எழுதிக் கையோட கொண்டுவராரு. நிலம் இன்னும் எங்க அப்பா பேர்லயே கிடக்கு, அதனால அண்ணன் பங்குக்கு உங்க கைநாட்டும் வேணும்.

— ஏரித் தண்ணியைக் கொண்டாந்து நிறுத்திட்டா அப்புறம் அது வயலா? நாளைக்கே வேணாம்னு தோணினாலும் அதுல புல்லு கூட முளைக்காது. உன் அண்ணன் மூச்சு இருந்த வரைக்கும் அந்த மீன்காரனை வாசப்படி ஏத்தலை.

— கர்னி அண்ணன் இருந்தா நான் எதுக்கு உங்ககிட்ட மல்லுக்கட்டறேன்? வாடகையாவது வரும். ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்களை வச்சிருக்கீங்க.

— சரி. தெளிச்சும் விளையலைன்னா கைநாட்டு வைக்கறேன்னு சொன்னது நான்தான். பேச்சு மாற மாட்டேன்.

— அதானே. அண்ணி பேச்சு மாற மாட்டாங்கன்னு ஹாஜிகிட்டயும் சொல்லியிருக்கேன்.

— உன் மேலயும் எனக்கு ஒரு மரியாதை இருக்கு, ஷிஹாத்தா. அவரோட நாற்பதாம் நாளுக்கு நீ போட்டியே ஒரு பந்தல், ஊர்த்தலைவரோட அப்பாவுக்குக் கூட அவ்வளவு பெரிசு போடலை. தெருவையே அடைச்சு, விளக்கு போட்டு, டவுன்ல இருந்து குர்ஆன் ஓதுறவரை வரவழைச்சு. அவரு போனதுக்கு அப்புறம் நான் தலை நிமிந்து உக்காந்தது அந்த ஒரு நாள்தான்.

— விடுங்க அண்ணி. அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?

— விடல. கேட்டுக்கோ, அதுக்காகத்தான் உன்கிட்ட வாய் திறந்து கேக்காம இத்தனை நாள் அடக்கிக்கிட்டு இருந்தேன். அதிமதுரம் நுரைக்கும் இல்ல?

— என்ன?

— நோன்பு மாசம் சந்தையில சர்பத்துக்காரன் அதிமதுரச் சர்பத்தைத் தலைக்கு மேல தூக்கி ஊத்துவானே. கிளாஸ்ல பாதி நுரையா நிக்கும். நீ தெளிப்பான்ல ஊத்தறப்ப வரப்புல நின்னு பாத்தேன். நிறம் இருந்துச்சு. பேருக்குக் கூட நுரை இல்லை.

— நல்லா வடிகட்டினேன். அதனால இருக்கும்.

— வடிகட்டித்தான் அவனும் விக்கறான். ஒரு நாள் காத்து என் பக்கம் திரும்பி, சாரல் உதட்டுல பட்டுச்சு. இனிக்கலை. கசந்துச்சு. நோன்பு வாயி, அதான் கசக்குதுன்னு துப்பிட்டு விட்டுட்டேன்.

— வெயில்ல நின்னுட்டு என்னென்னமோ பேசறீங்க.

— காப்பிக்கடையில இருந்து வாளி வாளியா டீச்சக்கை கொண்டாந்தியே, மாட்டுக்குன்னு. எந்த மாடுடா டீச்சக்கை தின்னுது?

— மரியாதையாப் பேசுங்க அண்ணி.

— மரியாதை முடிஞ்சுபோச்சு. சர்பத்துக்காரன் கடையில நீலக்கோடு போட்ட சாக்கு கிடந்துச்சு. டாக்டரம்மா உன் வீட்டுல வேரை இறக்கினதும் நீலக்கோடு சாக்குலதான். அவங்களும் இவன்கிட்டதான் வாங்கியிருப்பாங்கன்னு நினைச்சேன் பாரு. எவ்வளவு பெரிய மடச்சி நான்.

— நோன்பு நெருங்கினா அந்த வேருக்கு வெலை ஏறும். உங்களுக்கே தெரியும்.

— வித்துட்ட.

— வித்துட்டேன்.

— மீன்காரன் சொல்லிக் கொடுத்தானா?

— இல்லை. ஆண்டவன் மேல ஆணையா அவருக்கு ஒண்ணும் தெரியாது.

— அப்ப அந்தப் பொண்ணு இந்த வெயில்ல வந்து ஒவ்வொரு இலையா அளந்துட்டுப் போச்சே, டீச்சக்கை குடிச்ச இலையையா? என் செடி வாடறதைப் பாத்துக்கிட்டே நானும் கையைக் கட்டிட்டு நின்னேனே. சோதனைன்னா அப்படித்தான்னு சொன்னாங்க, ஒரு சொட்டு மருந்து கூடத் தெளிக்காம பல்லைக் கடிச்சுட்டு நின்னேன். எதுக்குடா நின்னேன்?

— அண்ணி, போனை எதுக்கு எடுக்கறீங்க?

— கைநாட்டு கேட்டியே. அந்த விரலாலதான் அழுத்தறேன். இன்னும் பெரிய ரோட்டைத் தாண்டியிருக்க மாட்டாங்க.

— எடுத்த எடுப்புல, சாக்கு எங்க போச்சுன்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?

— என் கொழுந்தன் வித்துத் தின்னுட்டான்னு சொல்றேன். ஊருக்கே சொல்றேன்.

— நான் அதுல ஒரு பவுண்டு கூடத் தொடலை. முன்பணம் வாங்காம கம்பு ஊன மாட்டேன்னுட்டான் பந்தக்காரன். டவுன்ல இருந்து ஓத வந்தவரு வண்டியை விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே கையை நீட்டினாரு. ஆடு, அரிசி, விளக்கு. உங்க வாசல்ல நின்னு தெருவே கேக்கற மாதிரி என்ன சொன்னீங்க? "கர்னிக்கு ஒரு தம்பி இருந்தான்னு ஊருக்குத் தெரியட்டும், இல்லேன்னா இனிமே என் வாசலை மிதிக்காதே"ன்னீங்க. அன்னைக்கு என் வீட்டுல வேற என்ன இருந்துச்சு அண்ணி, அந்தச் சாக்கைத் தவிர?

— பொய் சொல்றே.

— ஓதினதைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதீங்களே, அது அதிமதுரக் காசு. சொல்லுங்க. திருட்டுக் காசுலதான் கர்னிக்கு ஓதினாங்கன்னு ஊரு பேசட்டும். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடந்துக்குவேன். அவரு பேரு என்ன ஆகும்?

— ஹலோ? நஜாத் அம்மாவா? சொல்லுங்கம்மா, இப்பத்தான் ரோட்டுல ஏறினோம்.

— டாக்டரம்மா…

— அம்மா, நானே உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேன். மனசே ஆறலை. உங்க ஊர்ல சோதனையை இன்னையோட முடிச்சுக்கச் சொல்லி மேலிடத்துல சொல்லிட்டாங்க. ஆனா தெளிச்சதுல ஏதாவது தப்பு நடந்திருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. அடுத்த பருவம் திரும்பப் போட்டுப் பாக்க நான் எப்படியாவது கேட்டு வாங்கிடறேன். ஏதாவது நடந்துச்சா? அம்மா, லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன் டாக்டரம்மா. என் கொழுந்தன் வாரம் தவறாம தெளிச்சாரு, நானே வரப்புல நின்னு பாத்தேன். உங்க மருந்துல ஒரு குத்தமும் இல்லை, எங்க மண்ணுக்குத்தான் கொடுத்து வைக்கலை.