மானியத்தில் வளரும் மாமனார்

கடக்வாஸ்லா பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தமிழர்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று கேட்டார்:

"மாமனாரை எப்படிய்யா கிலோ கணக்குல விக்கிறது?"

"யோவ்!"

"மீனைச் சொல்றேன்யா. சர்க்கார் ஸ்கீம்ல குளம் வெட்டக் காசும் மீன் குஞ்சும் குடுத்தாங்கல்ல? வீட்டுக்காரி தீனி போடறப்பவே எல்லாத்துக்கும் சொந்தக்காரங்க பேரா வெச்சுட்டா. இப்ப வலையைத் தொடவே விடமாட்டேங்கறா."

"வித்துக் காட்டலேன்னா மானியத்தை நிறுத்திடுவாங்களே?"

"அதைச் சொல்லி மிரட்டத்தான் மீன்வளத்துறை சாஹேப் நேர்ல வந்தாரு. இருக்கறதுலயே கொழுத்த மீனைக் காட்டி, அதுக்கு அவர் பேரை வெச்சுட்டா."

"கோவிச்சுக்கிட்டாரா?"

"எங்க! தினமும் போன் பண்ணி, 'நான் நல்லா சாப்பிடறேனா?'ன்னு கேக்கறாரு."