வேதக்கோயிலுக்குள் சாப்பாட்டு மேசை

மவுண்ட் ரோஸ்கில் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி சொன்னாள்:

"கலியாண நாளுக்குப் போன ஹோட்டல்ல சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டுத்தான் சாப்பிடப் போனனான்."

"ஏனப்பா?"

"முந்தி அது பாதிரிமாரின்ர மடமாம். வேதக்கோயிலுக்குள்ளதான் சாப்பாட்டு மேசை."

"நீர் சைவசமயமெல்லே?"

"சண்டைக்குள்ள ஊரில இடம்பெயரேக்க வேதக்கோயிலுக்குள்ளதானே படுத்தனாங்கள். ஃபாதர் உள்ள சாப்பிடச் சொல்லியும், கோயிலுக்குள்ள சாப்பிடுறதோ எண்டு நாங்கள் கேக்கேல்ல. பிள்ளையளுக்குக் கஞ்சிகூட வெளியில, மழைக்குள்ளதான் குடுத்தனாங்கள்."

"பிறகு, ஹோட்டல்ல?"

"என்ர மனிசன் கோவிச்சார், இது இப்ப ஹோட்டல்தானே எண்டு. நான் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில போய் இருந்திட்டன்."

நான் இறங்க வேண்டிய தரிப்பு கடந்துபோனது. எழுந்திருக்கவில்லை.

"தனியவோ?"

"கொஞ்ச நேரத்தால அவரும் தட்டோட வந்து பக்கத்தில இருந்தார். காலில சப்பாத்தில்லை."