களைக்கு அஞ்சாத அவரை

— விஷம் வைக்கிறாங்கக்கா. சந்தேகமே இல்ல. என் அவரைச் செடிக்கு எவனோ விஷம் வைக்கிறான்.

— அவரைக்கெல்லாம் யாருடா தம்பி விஷம் வைக்கப் போறாங்க? போர்வையை அந்தப் பக்கம் பிடி, மடிக்கணும்.

— எங்க துறைத் தலைவர்தான். வேற யாரு? கல்லூரித் தோட்டத்துல பார்த்தீனியத்துக்குப் பக்கத்துல என் ரகத்தை நட்டாராம். அத்தனையும் கருகிடுச்சாம். என்கிட்டயே சொல்லி உதட்டைப் பிதுக்குறார்.

— கருகத்தானே செய்யும்? அந்தக் களையோட வேரும் உதிர்ந்த எலையும் என்னமோ ரசாயனத்தை மண்ணுல இறக்கிவிடும், பக்கத்துச் செடி வேரே விடாதுன்னு நீதானே சொல்லுவே.

— அது மத்த செடிக்கு. அந்த விஷத்தைத் தாங்குற ஒரே ரகத்தை நான் கண்டுபிடிச்சிருக்கேன். சும்மாவா மேடையேத்தி விருது கொடுத்தாங்க?

— கொடுத்தாங்க, கொடுத்தாங்க. நீ பேச ஆரம்பிச்சதும் தண்ணி குடிக்கப் போனவங்க யாரும் திரும்பி வரல.

— கிண்டல் பண்ணாதே. அந்த ஆள் மேல எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகம். அதனாலதான் களையையும் அவரையையும் சேர்த்து நட்ட தொட்டிகளைக் கல்லூரியில வைக்காம நம்ம மாடிக்குக் கொண்டுவந்தேன். அங்க காவல்காரர்லேர்ந்து டீ கொண்டுவர்றவர் வரைக்கும் அவர் ஆளுங்க.

— இங்க மட்டும் யாரை நம்புறியாம்?

— உன்னைத்தான். நான் வேலைக்குப் போனப்புறம் தண்ணி ஊத்துறது நீதானே.

— என்னமோப்பா. அந்தத் தலையணை உறையை எடு.

— நாளைக்கு நிபுணர் குழு வருது. முதல்ல மாடியில செழிப்பா நிக்கிற அவரையைக் காட்டுவேன். அப்புறம், பொறாமையில என் செடிகளைக் கொன்னது இவர்தான்னு புகார் கொடுப்பேன்.

— கொடுத்தா அவருக்கு என்ன ஆகும்?

— வேலை போகும். போகட்டும்.

— அவர் செஞ்சதை நீ பாத்தியா?

— பாக்கணுமா என்ன? அதே விதை, அதே களை. இங்க செழிக்குது, அங்க சாகுது. ஆள் மட்டும்தானே வேற? அறிவியல்பூர்வமா யோசிச்சுப் பாரு.

— அவ்வளவு தூரம் எனக்கு யோசிக்க வராது. புகார் மட்டும் வேண்டாம் தம்பி.

— ஏன், உன்னைப் பேசச் சொன்னாரா?

— பைத்தியமா உனக்கு?

— வீட்டுக்கு வந்தாரா? முகத்தை ஏன் திருப்பிக்கிறே? மாடியில யாரை விட்டே?

— யாரும் வரல. முதல்ல தொட்டி வெச்சப்போ, சாயங்காலமானா வாடின செடி முன்னாடி போய் நிப்பே. சாப்பிடக் கூப்பிட்டா வேண்டாம்பே. எனக்கு மனசு தாங்கல.

— ஆராய்ச்சியாளன் அப்படித்தான் நிப்பான். அதுக்குப் பேரு கூர்ந்து கவனிக்கிறது.

— எனக்கென்ன தெரியும்? செடி செத்த துக்கம்னு நெனச்சேன். அதான் தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி பழைய டப்பாவுல அவரை போட்டு வளத்தேன். உன்னோடது வாடினா பிடுங்கிட்டு அதை நட்டுவெப்பேன். கொஞ்ச நாள் நல்லா நிக்கும், அப்புறம் அதுவும் தலையைத் தொங்கப்போட்டுரும். மறுபடி மாத்துவேன்.

— ஏது விதை?

— சமையலுக்கு வாங்கினதுதான்.

— இதை ஏன் இவ்வளவு நாளா சொல்லல?

— சொல்லணும்னுதான் ஒருநாள் வாசல்ல காத்துக்கிட்டிருந்தேன். நீ விருதோட வந்து இறங்கினே.

— சரி, பதறாதே.

— நான் எங்கடா பதறினேன்?

— எந்த ஆராய்ச்சியிலயும் ஒண்ணு ரெண்டு பிசகு இருக்கும். குழுவுக்கே அது தெரியும். நீ கை வெச்சதை ஓரமா ஒதுக்கிட்டு மிச்சத்தைக் காட்டிடலாம். நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுக்கா, எந்தெந்தச் செடியை மாத்தினே?

— மேல இப்ப உயிரோட நிக்குதே, அதையெல்லாம்தான்.