எந்தப் பக்கம் பார்த்து எழும்புவார்

எனக்கு எழுபத்தாறு வயது. தேயிலைக் கொழுந்து பறித்தே ஏழு பிள்ளைகளை ஆளாக்கினவள். போன கிழமை பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி கழுத்தில் சிலுவை, அண்மையில் புருசனை இழந்தவள். மற்றவள் நெற்றியில் திருநீறு, அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி.

“உங்க ஆளுங்க அவரைத் தப்பாப் புதைச்சிட்டாங்க தங்கச்சி,” என்றாள் சிலுவைக்காரி.

“கொட்டுற மழையில குழி வெட்டினவங்களையா குறை சொல்றீங்க அக்கா?”

“குறை இல்ல. உங்க வழக்கத்துல தெக்க தலை வச்சிட்டாங்க. எங்களுக்கு மேக்க வைக்கணும். ஆண்டவர் கிழக்க இருந்து வர்றப்போ, குழியிலருந்து எழும்பினதும் நேரா அவர் முகத்தைப் பாக்கணும்.”

“எழும்புறவரு திரும்பிப் பாக்க மாட்டாரா?”

“உசிரோட இருந்தப்பவே மூணு தடவை கூப்பிட்டாத்தான் திரும்புவாரு.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு சிலுவைக்காரியின் குரல் தணிந்தது.

“எழும்புவாருங்கிற நம்பிக்கையிலதான் விடிஞ்சா பெரட்டுக்களத்துக்குப் போய் வேலைக்குப் பேர் குடுக்குறேன். இல்லாட்டி கூடையத் தூக்கவே கை வராது. தோண்டித் திருப்பி வைக்கலாம்னா மகன் விடமாட்டேங்கிறான்.”

பஸ் இரண்டு வளைவு ஏறியதும் சிலுவைக்காரி மற்றவள் பக்கம் திரும்பினாள்.

“நான் செத்தா அவருக்குப் பக்கத்துலயே, தெக்க தலை வச்சுப் புதைக்கச் சொல்லு.”

“உங்களுக்கு மேக்க வேணாமா?”

“நான் மட்டும் நேரா பாத்துக்கிட்டு எழும்பினா, அவரை யாரு கூப்பிட்டுத் திருப்புறது?”

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினத ஒருக்கா வாசி. அவ கடைசியாச் சொன்னத மெதுவா வாசி.