காட்டுக்கு விறகு

அது புழு இல்ல தம்பி, வெறும் மரத்தூள். வழியெல்லாம் குலுங்கி வந்துச்சுல்ல, அதான் கார் கண்ணாடி மேல கொட்டிக் கிடக்கு. ஊதிப் பாருங்க, பறந்துரும். புழுவா இருந்தா ஊதினதும் பறக்குமா?

ஓ, தூள் கொட்டினாலே உள்ள வண்டு இருக்குன்னு அர்த்தமா. எனக்குத் தெரியாது தம்பி. போர்டு எங்க வச்சிருக்கீங்க? அந்த வளைவுலயா? வளைவுல நான் எங்க போர்டைப் பாக்கறது, ஸ்டீயரிங்கைப் பாக்கவே ரெண்டு கண்ணு பத்தல. கார் ஓட்டக் கத்துக்கிட்டதே இப்பத்தான். பின்னாடி வந்த லாரிக்காரர் ஆரன் அடிச்சு அடிச்சே என்னை இங்க வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டாரு.

இல்ல, புரியுது. வெளி விறகு உள்ள வரக்கூடாது. அதுல இருக்கற வண்டு உங்க காட்டு மரத்துல ஏறிட்டா மரமெல்லாம் பட்டுப்போயிரும். நியாயம்தான். நான் சண்டைக்கு வரல. இதோ கேரியர்ல கட்டியிருக்கே, இந்த ஒரு கட்டுதான். கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கிட்டு, காலையில கிளம்பிருவோம். சாம்பலைக் கூட அள்ளிட்டுப் போயிடறேன். கொஞ்சம் பாத்து...

இருங்க. என்னங்க, இதோ வந்துட்டேன். இங்கதான் நிக்கறேன், செக்போஸ்ட்டுல. பேசிட்டு வந்துடறேன்.

கேட்டீங்களா? எங்க வீட்டுக்காரருதான், கார்ல உக்காந்துக்கிட்டு விறகு, விறகுங்கறாரு. நான் காரை விட்டு இறங்கினதுல இருந்து இதே பாட்டுதான். நீங்க மேல கையைக் காட்டிப் பேசினீங்கல்ல, எடுத்துருவாங்கன்னு தெரிஞ்சிருச்சு போல.

காட்டுக்கு யாராவது விறகு கொண்டு வருவாங்களான்னு கேக்கறீங்களே, இதைத்தான் நான் கல்யாணமான புதுசுல இருந்து கேக்கறேன். அவரு என்ன சொல்லுவாருன்னா, காட்டுல விழுந்து கிடக்கறது காட்டுக்குச் சொந்தம், அதுக்கடியில ஆயிரம் பூச்சி குடித்தனம் பண்ணுது, விருந்தாளியா போறவன் வீட்டுக்காரன் கூரையைப் பிரிச்சுக் குளிர் காயலாமா. பூச்சிக்கெல்லாம் பரிஞ்சு பேசற மனுசன், கடைசியில தான் கொண்டு வர்ற கட்டைக்குள்ள பூச்சி இருக்கும்னு யோசிக்கல பாருங்க.

விறகுன்னா அப்படி ஒரு கிறுக்கு அவருக்கு. மத்தவங்க டூர் போகணும்னா துணி எடுத்து வைப்பாங்க. இவரு ஊரெல்லாம் சுத்தி விறகு தேடுவாரு. காத்தடிச்ச மறுநாள் கார்ல அவரோட போகவே கூடாது. ரோட்டோரம் ஒரு கிளை விழுந்திருந்தா போதும், பிரேக் போட்டுருவாரு. மரக்கடையில போய் நின்னு, அறுத்து மிச்சமான துண்டு கேப்பாரு. வண்ணம் அடிச்ச கட்டை வாங்க மாட்டாரு, புகை ஆகாதுன்னு. எடுத்ததும் ரெண்டு கட்டையை ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாப்பாரு. டங்குன்னு கேட்டா காஞ்சது, பொத்துன்னு கேட்டா பச்சை. அதே பழக்கம் எல்லா இடத்துலயும். எங்க சம்பந்தி வீட்டுல புதுசா கட்டில் வாங்கியிருந்தாங்க. உள்ள போனதும் அதைத் தட்டிப் பாத்துட்டு, இன்னும் கொஞ்சம் காஞ்சிருக்கணும்னுட்டாரு. அந்தம்மா இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல.

சிரிக்காதீங்க, பட்டவங்களுக்குத்தான் தெரியும். சுள்ளி ஒரு சாக்கு, விரல் தடிமன்ல ஒரு சாக்கு, மணிக்கட்டு தடிமன்ல ஒரு சாக்கு. கேரியர்ல பெருசு. மத்ததெல்லாம் சீட்டுக்கு அடியில, காலுக்கு அடியில. எங்க பொண்ணு ரொம்ப நாள் வரைக்கும் கார்னாலே காலைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு உக்கார்ற இடம்னு நினைச்சுட்டிருந்தா.

என்னங்க, வந்துட்டேன்னு சொன்னேன்ல. தம்பி நல்லவரு, பேசிக்கிட்டுதான் இருக்கோம்.

கடையா? தெரியும் தம்பி, உள்ள நுழையற இடத்துலயே பாத்தேன். பாக்கெட்டுல போட்டு அடுக்கி வச்சிருக்காங்க, பிஸ்கெட் மாதிரி. நீங்களே சூட்டுல வச்சுக் காய வச்சது, வண்டு இருக்காது, சரி. நான் வாங்கிக்க மாட்டேன்னு சொல்லல. எனக்கென்ன, எந்த விறகு எரிஞ்சாலும் சோறு வேகும். அவரு ஒத்துக்கணுமே.

ஐயோ, வேண்டாம். நீங்க போய்ப் பேசாதீங்க. இல்ல, கோவக்காரர் எல்லாம் இல்ல. பேசறதுல மன்னன். ஊர்ல பெரிய பஸ் ஸ்டாண்டு இருக்குல்ல, அங்க மைக்ல சொல்லுவாங்களே, இந்த வண்டி இந்த நடைமேடையில இருந்து புறப்படத் தயாரா நிக்குதுன்னு, அது அவரு குரல்தான். ஆமா, அதே கணீர் குரல்தான். நீங்க கேட்டிருக்கீங்களா? அட. வேலை பாக்கற இடத்துல அவருக்கு ரேடியோன்னு பேரு. வீட்டுக்கு வந்தும் அணைக்க முடியாது. என்னை ஒரு நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. குளியலறைக்குள்ள இருந்து சத்தம் வரும். பயணிகள் கவனத்துக்கு, குளிக்க வந்தவர் துண்டை மறந்துவிட்டார். சமைச்சுக்கிட்டிருப்பேன், பின்னாடி வந்து நின்னு, பயணிகள் கவனத்துக்கு, பசி நடைமேடைக்கு வந்து சேர்ந்தது. கடையில கூட்டத்துல நான் எங்கயாவது ஒதுங்கிட்டா அங்கயும் பயணிகள் கவனத்துக்குன்னு ஒரு குரல் விடுவாரு. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. நான் மட்டும் பாக்க மாட்டேன், மானம் போகுதுன்னு. ஆனா கால் தானா அந்தப் பக்கம் நடக்கும்.

என்ன தம்பி அது, கத்தியா? வேண்டாம். கயித்தை அறுக்காதீங்க. அறுக்காம எடுக்கணும்னா எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நான் நிக்கறேன். நல்ல கயிறுன்னு சொல்லல. அது... அந்தப் பக்கம் இருக்கற முடிச்சு அவரு போட்டது. கேரியருக்கு அடியில விட்டு, ரெண்டு சுத்து சுத்தி, உள்ள வாங்கி இழுத்திருக்காரு பாருங்க, ஒரு முனையை இழுத்தா மொத்தமும் அவிழுமாம். எனக்கு அந்த முனை எதுன்னு தெரியல. இந்தப் பக்கம் இருக்கே, துணி மூட்டை கட்டின மாதிரி, இது நான் போட்டது.

ஏன்னா அவரு இந்தப் பக்கம் வந்து சேரல தம்பி.

போன வருசம் கிளம்பறதுக்கு ஏத்தின விறகு இது. அந்த முடிச்சைப் போட்டுட்டு ஷெட்டுல இருந்தே என்னைக் கூப்பிட்டாரு. என்னமோ சொன்னாரு, விறகுங்கற வரைக்கும்தான் காதுல விழுந்துச்சு. ஓடினேன். அதுக்குள்ள கார் சக்கரத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு, கயித்தோட இந்த முனை கையிலயே இருந்துச்சு. வாய் ஒரு பக்கம் இழுத்திருச்சு. ஸ்ட்ரோக்குன்னாங்க. ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரின்னு ஓடிச்சு. கார் அப்படியே நின்னுச்சு, விறகும் அப்படியே இருந்துச்சு. மழைக்காலம் பூரா அது ஷெட்டுக்குள்ள. அப்புறம் நான் ஓட்டக் கத்துக்கிட்டதுகூட பயிற்சிக்காரர் கார்லதான். இதை இன்னிக்குத்தான் வெளிய எடுத்தேன்.

இப்ப நடக்கறாரு, பிடிச்சுக்கிட்டா. வலது கை அவ்வளவா வராது. சாப்பிடறாரு. பேச்சுத்தான். அந்த ஒரு வார்த்தையைத் தவிர எல்லாம் போயிருச்சு.

ஆமா. அந்த வார்த்தைதான்.

தண்ணி வேணும்னாலும் விறகு. ஃபேன் போடணும்னாலும் விறகு. வலிச்சாலும் அதான். ராகம்தான் மாறும், மைக்ல பேசின ஆளு இல்லயா, ராகம் மட்டும் குறையல. பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பொண்ணு வருது. அது சொல்லுது, அவரு நினைக்கறது வேறம்மா, வாயில வர்றது மட்டும் அந்த வார்த்தை, அவரு காதுல அது சரியாச் சொன்ன மாதிரியே கேக்கலாம்னு. அதனாலதான் நமக்குப் புரியலன்னதும் அவருக்குக் கோவம் வருதாம். வருமில்ல? நான் தெளிவா தண்ணின்னு கேட்டும் நீங்க எனக்குத் தலையணை கொண்டு வந்து குடுத்தா எனக்கு வராதா?

ஆரம்பத்துல எங்களுக்கு இதெல்லாம் தெரியல. எங்க பொண்ணு ஒரு நாள் ஷெட்டுக்குப் போய் இதுல இருந்து ஒரு கட்டையை உருவிட்டு வந்து அவரு கையில குடுத்துட்டா. அதைப் பாத்தாரு. அவளைப் பாத்தாரு. அப்புறம் என்கிட்ட நீட்டினாரு. நான் வாங்கிக்கிட்டேன். வாங்கி என்ன செய்யறது? அலமாரி மேல வச்சேன். இப்பவும் அங்கதான் இருக்கு, மருந்துக்குப் பக்கத்துல.

ஆனா எனக்கு ஒரு சந்தேகம் தம்பி. பேச்சுப் பயிற்சிக்கு வர்ற பொண்ணுகிட்ட கேட்டேன், அதுக்கும் தெரியல. எத்தனையோ தடவை வேற எதையோ கேக்கறாரு, சரி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நெசமாவே விறகைக் கேக்கறாருன்னு வச்சுக்கோங்க. எப்படிக் கண்டுபிடிப்பீங்க? கட்டி ஏத்தின விறகு எரியாமலே நிக்குதேன்னு மனசுல ஓடுச்சுன்னா? நாங்க தண்ணியைக் கொண்டு வந்து, போர்வையைக் கொண்டு வந்து, ஜன்னலைத் திறந்து, ஜன்னலைச் சாத்தி... அவரு கேட்டது ஷெட்டுலயே இருந்தா? அதனாலதான் வந்தேன். எங்க பொண்ணு வேண்டாம்னு ஒத்தக்கால்ல நின்னா. அவளுக்குத் தெரியாமத்தான் கிளம்பினேன். உள்ள போய், அவரு கண்ணு முன்னாடி இதை அடுக்கி, பத்த வச்சுப் பாத்துரலாம்னு. பேசாம உக்காந்தாருன்னா, இதுதான்னு தெரிஞ்சிரும். இல்லன்னா, இது இல்லன்னாவது தெரிஞ்சிரும்.

அதிகாரிக்கா? போன் போட்டுக் கேளுங்க. புண்ணியமாப் போகும்.

என்னங்க, இதோ, போன் பேசறாரு. கேட்டுக்கிட்டிருக்காரு. ஒரு நிமிசம்.

முடியாதுன்னுட்டாரா. ம். அவரு மேலயும் தப்பில்ல, இன்னிக்கு எனக்கு விட்டா நாளைக்கு இன்னொருத்தர் இன்னொரு கதையோட வருவாங்க. பாக்காத மாதிரி விட்டுரவான்னு நீங்க கேக்கறதே பெருசு. வேண்டாம் தம்பி. அந்த மரங்களைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன், எவ்வளவு உசரம். இவரு நல்லா இருந்து இந்த விசயமும் தெரிஞ்சிருந்தா, அவரே இறக்கிப் போட்டுட்டு உங்களுக்கு ஒரு மணி நேரம் பிரசங்கமும் பண்ணியிருப்பாரு.

இங்கயே குழியில போட்டு எரிச்சுருவீங்களா? சரி. எரியறதுக்குத்தான் வந்துச்சு.

அட, எப்படி அவிழ்த்தீங்க? எந்த முனை? அதுவா. நான் இத்தனை நாள் அதைத்தான் உள்ள திணிச்சு விட்டுக்கிட்டிருந்தேன்.

மெதுவா இறக்குங்க. நான் இந்தப் பக்கம் பிடிச்சுக்கறேன். இருங்க, கதவைத் திறந்து விடறேன், அவரும் பாக்கட்டும். என்னங்க, இதை உள்ள கொண்டு போகக்கூடாதாம். வண்டு இருக்காம். இங்க பாருங்க, இறக்கறாங்க. கோவப்படாதீங்க.

தட்டிப் பாத்தீங்களா? டங்குங்குது. நல்லா காஞ்சிருக்கு.

பாக்கவே மாட்டேங்கறாரு தம்பி. அந்தச் சத்தத்துக்காவது திரும்புவாருன்னு நினைச்சேன். குழி பக்கம் கூடக் கண்ணு போகல.

அவ்வளவுதானா? கயித்தைக் குடுங்க, நான் சுத்தி வச்சுக்கறேன். குழியில சீக்கிரம் பத்திக்கும், சுள்ளி இருந்தா முதல்ல வைங்க. நாங்க கிளம்பறோம். இல்ல, திரும்பப் போகல, உள்ளதான். உங்க பிஸ்கெட் விறகுல ரெண்டு பாக்கெட் வாங்கிக்கறேன். கடை இந்தப் பக்கம்தானே? கார் இங்கயே நிக்கட்டும், நடந்தே போயிட்டு வந்துடறேன்.

ஆரம்பிச்சுட்டாரு பாருங்க.

ஆமா, மேல ஒரு குச்சி கூட இல்ல, இன்னும் என்ன விறகுன்னு நீங்க கேக்கறது சரிதான். கதவுகிட்ட நிக்கற வரைக்கும் பேச்சே இல்ல, ரெண்டடி தள்ளி வந்ததும் சத்தம். முதல்லயும் அப்படித்தான், நான் இறங்கினதும்தான் ஆரம்பிச்சாரு. நான்தான் விறகையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்.

ஒண்ணுமில்ல தம்பி, கடைக்குக் கூட்டிக்கிட்டே போறேன், பிடிச்சுக்கிட்டா நடப்பாரு. முன்னாடி பயணிகள் கவனத்துக்குன்னு கூப்பிடுவாரு, இப்ப இப்படி. வந்துட்டேங்க.