சத்து மாத்திரை

இந்த மாத்திரைகளை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும், மேடம். சாப்பிட்ட பிறகு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. தம்பிக்குக் காசநோய் என்று தெரிந்த நாளிலிருந்து, விடிந்ததும் தண்ணீரும் மாத்திரையுமாக அவன் தலைமாட்டில் நின்றிருக்கிறேன். நோய்க்கான மருந்தை ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் வெளியூர் பஸ் ஓட்டுகிறவன். நான் வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குக் காஜா போட்டு, பொத்தான் தைத்துக் கொடுக்கிறேன். அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அப்போதிலிருந்து எனக்கு அவன், அவனுக்கு நான். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து அவன் வெலவெலத்தபோது, "அட பயந்தாங்கொள்ளி, மருந்தோட நிறம்டா அது" என்று சிரித்தவள் நான். குமட்டினால் என்ன செய்வது, அரிப்புக்கு எதைத் தடவுவது, எல்லாம் எனக்கு அத்துப்படி.

மருந்தோடு ஒரு சின்ன வெள்ளை மாத்திரையும் உண்டு. மருந்து நரம்பைக் கெடுத்துவிடாமல் இருக்கப் போடுகிற வைட்டமின். ஒருமுறை அது கடையில் கிடைக்கவில்லை. சில வாரம் தள்ளிப்போயிற்று. தம்பிக்கு உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது. எங்கும் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரித்துக் கொடுத்தான். வெகுநாள் கழித்து வீடு வீடு மாதிரி இருந்தது.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றிச் சொன்னான். "உடம்பு தேறினதும் கல்யாணம்க்கா. அவ ஊர்லயே வீடு பாக்கறோம். நீ அப்பப்ப வந்துட்டுப் போ."

வந்துட்டுப் போ. பிரியமாகத்தான் சொன்னான்.

வைட்டமின் கடைக்கு வந்ததும் வாங்கினேன். வாங்கி, குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரோடு போகவிட்டேன். அதற்குப் பதிலாக அதே அளவில் ஒரு சுண்ணாம்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். அதுவும் சத்துதான். எலும்புக்கு நல்லது.

எரிச்சல் போய்க் கால் மரத்துப்போனது. இருமல் நின்று வேலைக்குத் திரும்பியவன், பஸ்ஸைக் கொண்டுபோய் டிப்போ சுவரில் முட்டினான். "பிரேக்கு காலுக்குத் தட்டுப்படவே மாட்டேங்குதுக்கா" என்றான். நல்லவேளை, பயணிகள் யாரும் ஏறியிருக்கவில்லை. அதோடு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

டாக்டர் என்னிடம்தான் முதலில் கேட்டார். "சின்ன மாத்திரையும் ஒழுங்கா குடுக்கறீங்களாம்மா?"

"குடுக்கறேன் சார்."

அவர் தம்பி பக்கம் திரும்பினார். "அப்ப நீ தண்ணி போடறியா? குடிச்சாலும் நரம்பு இப்படிக் கெடும். மறைக்காம சொல்லு."

"சத்தியமா இல்ல சார். அக்கா, நீயாவது சொல்லேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் குடிக்கிறான் என்று நான் சொல்லவில்லை. கூட வந்திருந்த அந்தப் பெண் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அதன்பிறகு அவள் வருவது குறைந்து, ஒருநாள் நின்றே போயிற்று.

ஒருமுறை குளியலறையில் கொதிக்கிற தண்ணீர் அவன் பாதத்தில் கொட்டியது. அவன் என்னிடம் ஏதோ வேடிக்கையாகப் பேசிக்கொண்டே நின்றான். தோல் கொப்பளித்து எழும்புவதை நான்தான் முதலில் பார்த்தேன். அன்று எனக்கே பயமாகிவிட்டது, போதும், இதோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். களிம்பு தடவும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ இல்லன்னா என் கதி என்னக்கா?" என்றான்.

அதனால் நிறுத்தவில்லை.

புண் ஆறவில்லை. கட்டு மாற்ற வந்த நர்ஸ் அலமாரியைப் பார்த்துவிட்டு, "இது எலும்புக்கானது. நரம்புக்குப் போடறது எங்க?" என்றாள். தம்பி என்னைப் பார்த்தான்.

இனி அந்தக் கால் பழையபடி ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். தெரிந்துதான் செய்தாயா என்கிறீர்கள். ஆமாம், தெரிந்துதான் செய்தேன். நாள் தவறாமல், என் கையாலேயே கொடுத்தேன். ஆனால், நான் அவனை வீட்டுக்குள் அடைத்துவைத்தேன் என்று அவன் வாயால் சொன்னதாகச் சொல்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விசாரித்துப் பாருங்கள், மேடம். எங்கள் வீட்டுக் கதவு பகல் முழுக்கத் திறந்தேதான் கிடந்தது.