சிலேட்டில் ஐந்நூறு

டீச்சரம்மா, நீங்கள் கேட்டபடியே எழுதித் தருகிறேன். சனிக்கிழமை விடிந்தாலே எனக்குக் குஷிதான். கூட்டம் ஐந்து மணிக்கு என்றால் நாலரைக்கே மாடியேறிப் பதினாறு நாற்காலியையும் வட்டமாகப் போட்டு, டீயைக் கொதிக்க வைத்துவிடுவேன். லிஃப்ட் மெக்கானிக் வேலையில் நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவனுக்கு, நாலு முகத்தைப் பார்த்துச் சிரிக்கக் கிடைத்த இடம் நம் குழுதான்.

குடியை விட்டு ஒன்பது வருடமாகிறது. முதல் தடவை இந்த இடத்தைத் தேடி வந்தபோது வழி கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, கீழே இருக்கும் பல் ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்து, நல்ல பல் ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு வீடு திரும்பினேன். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

பிறகு சிலேட்டை என்னிடம் ஒப்படைத்தீர்கள். நம்மில் ஒருவர்கூடக் குடிக்காத நாட்களை அதில் எழுத வேண்டும். யாராவது ஒருவர் குடித்துவிட்டாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அறுபத்தொன்றாம் நாளில் நம் வக்கீல் குடித்து விழுந்தார். முந்நூற்று நாற்பதில் தபால்காரர். அன்று அவர் அழுததுகூடப் பரவாயில்லை, மற்றவர்கள் அவரைப் பார்த்த பார்வையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இந்தத் தடவை ஐந்நூறைத் தொட்டால் கேக் வெட்டலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

நானூற்று அறுபத்தைந்தாம் நாள் காலையில் என் மனைவி அவள் தம்பியைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினாள். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன்.

"ஒம்பது நாளா தொடலைங்க. உங்க கூடவே கூட்டிட்டுப் போங்க. இந்தத் தடவ விட்டா இவன் பொழைக்க மாட்டான்," என்றாள்.

அவன் இளித்துக்கொண்டே, "ஓரமா உக்காந்துக்கிறேன் மாமா. டீகூட வேணாம்," என்றான்.

தங்கமான பையன். எனக்கு அவன் மேல் பிரியம் உண்டு. ஆனால் ஒன்பது நாள் ஆள். நம் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவனும் நம் கணக்கில் சேர்ந்துவிடுவான். இன்னும் முப்பத்தைந்து நாள் அவன் தாங்குவான் என்று யார் உத்தரவாதம் தருவது?

"புதுசா வர்றவங்களுக்குத் தனியா ஒரு கூட்டம் இருக்கு மாப்ளே. அங்க அஞ்சு வாரம் போயிட்டுத்தான் இங்க வரணும்," என்றேன். அப்படி ஒரு கூட்டம் கிடையாது. வாயில் வந்த முகவரியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் போன் செய்தான். "இங்க பொம்பளப் பிள்ளைங்க கராத்தே பழகுதுங்க மாமா. குடிச்சுட்டு மட்டும் வந்திருந்தா என் கதை முடிஞ்சிருக்கும்." நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்த சனிக்கிழமை, நாற்பத்தைந்தாம் எண்ணோடு முடிந்துபோகும் ஒரு தெருவில் நாற்பத்தேழாம் எண்ணுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் மழையில் அலைந்திருக்கிறான். "தப்பு உங்க மேல இல்ல மாமா. எனக்கு வழி கேக்கத் தெரியல," என்றான். அப்போதும் குடிக்கவில்லை. ஆச்சரியமாகத்தான் இருந்தது.

என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "வர்ற சனிக்கிழமை நானே அவன உங்க கூட்டத்துல கொண்டுவந்து உக்கார வைக்கிறேன்," என்றாள். சொன்னால் செய்கிறவள். எனக்கு வேறு வழியில்லை. ஒரு தடவை விழுந்தவன் வெட்கத்தில் ஒரு மாதமாவது தலைகாட்ட மாட்டான், அது நம் எல்லோருக்கும் அனுபவம்தானே. இந்த வாரம் மட்டும் புதன்கிழமையே கூட்டம் என்று சொல்லி மூன்றாவது சீட்டைக் கொடுத்தேன்.

புதன்கிழமை குடித்தான். வியாழன் காலை அந்த நடுக்கத்தோடு சாரத்தில் ஏறி, மூன்றாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். நான் சிலேட்டில் நானூற்று எழுபத்தொன்பது என்று எழுதினேன். ஐந்நூறாம் நாள் கேக்கின் முதல் துண்டைத் தபால்காரர் எனக்குத்தான் ஊட்டிவிட்டார். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

போன வாரம் என் மனைவி அவனுடைய சட்டைப் பையில் மூன்று சீட்டுகளையும் பார்த்துவிட்டு உங்களிடம் கொண்டுவந்தாள். இப்போது அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள்.

நேற்று நீங்கள் பெரிய மனதோடு, "அங்க என்ன இருக்குன்னு தெரியாம அனுப்பிட்டேன்னு எழுதிட்டா போதும்," என்றீர்கள். நம் குழுவில் பொய் கூடாது டீச்சரம்மா. எனக்குத் தெரியும். மூன்றாவது சீட்டில் நான் எழுதிய முகவரி, குடித்த காலத்தில் பதினோரு வருடம் நான் உட்கார்ந்திருந்த பார். "கூட்டம் மாடியில். கீழே மேஜையில் உட்கார்ந்திரு. நான் வந்து கூட்டிப் போகிறேன்" என்று என் கையாலேயே எழுதினேன்.

அங்கே பரிமாறுகிறவர் எனக்குப் பழைய பழக்கம். "உங்க மச்சான் ரெண்டு மணி நேரம் வெறும் சோடாவ வச்சுக்கிட்டு வாசலையே பாத்துட்டு இருந்தாருங்க. மாமா வந்துருவாருன்னு என்கிட்ட நாலு தடவ சொன்னாரு. அப்புறம்தான் ஊத்தச் சொன்னாரு," என்றார். கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. அவ்வளவு தூரம் என்னை நம்பினவர்கள் வேறு யாரும் இல்லை.